‘புயலிலே ஒரு தோணி’: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மாதத்தில் ஒரு ஞாயிறு மாலை, கோட்டையடிக் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு வீட்டு விறாந்தையில் பத்துப் பன்னிரண்டு பேர் கூடி ஒரு நாவலைப் பற்றிப் பேசுகிறோம். மாதம் ஒரு நாவல் என்பது ஏற்பாடு. ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’ மட்டும் நாலு மாதம் இழுத்துவிட்டது. இடையில் புதிதாக வந்து சேர்ந்தவர்கள் ஒரே கேள்விகளைத் திரும்பத் திரும்பக் கேட்டதால் பதில்களை எழுதி வைத்தேன். பதில்கள் என் பொறுப்பு. கூட்டத்தில் பாதிப் பேருக்கு இவற்றில் சில பிடிக்கவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கதை என்ன? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

இரண்டாம் உலகப் போர்க் காலம். சுமாத்திராவின் மேடான் நகரத்து வட்டிக்கடைத் தமிழர்களிடையே வாழும் பாண்டியன் என்ற இளைஞன்தான் நாயகன். ஜப்பானியர் வருகிறார்கள், டச்சுக்காரர் கட்டிக் காத்த ஒழுங்கு ஒரே நாளில் குலைகிறது. பாண்டியன் தொங்கான் என்ற சரக்குப் படகில் ஏறி மலாக்கா நீரிணையைக் கடந்து பினாங்குக்குப் போகிறான், வழியில் புயல். பிறகு இந்திய தேசிய ராணுவம், போரின் முடிவு, மீண்டும் சுமாத்திரா, டச்சுக்காரருக்கு எதிரான இந்தோனேசிய விடுதலைப் போர். இத்தனைக்கும் நடுவே மதுரைத் தெருக்களும் சின்னமங்கலம் என்ற சிற்றூரும் நினைவில் வந்து வந்து போகின்றன.

சுருக்கிச் சொன்னால் சாகசக் கதை போலத் தோன்றும். படிக்கும்போது ஆட்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருக்கிறார்கள். குடித்துவிட்டுப் பேசுகிறார்கள், தமிழின் பெருமையைத் தூக்கி நிறுத்துகிறார்கள், அடுத்த பக்கத்தில் அதையே போட்டு உடைக்கிறார்கள். எனக்கு அந்தப் பேச்சுத்தான் நாவல்.

ஆசிரியர் உண்மையாகவே அங்கே இருந்தவரா?

இருந்தவர். 1920இல் சிங்கம்புணரியில் பிறந்து, 1938இல், பதினெட்டு வயதில் மேடானுக்கு வேலைக்குப் போனார். போர் முழுவதையும் அந்தப் பக்கத்திலேயே கழித்துவிட்டு 1946இல் இந்தியா திரும்பினார். மறு ஆண்டு மதுரையில் ‘தினத்தந்தி’யில் சேர்ந்து, நாற்பது ஆண்டு அங்கேயே வேலை பார்த்தார். ஒய்.எம்.சி.ஏ. விடுதி அறையில் தனியாக வாழ்ந்தார். சேமித்த பணத்தை மாணவர்களின் படிப்புக்குக் கொடுத்துவிட்டு 1997 டிசம்பரில் மறைந்தார். எழுதிய நாவல்கள் இரண்டே. ‘கடலுக்கு அப்பால்’ முதலாவது. இது இரண்டாவது, கடைசியானதும்கூட.

மேடான், பெலாவான் எல்லாம் எங்கே இருக்கின்றன? படம் இல்லாமல் படிக்க முடியவில்லை.

எங்கள் கூட்டத்தில் அதிகம் கேட்கப்பட்ட கேள்வி இது. ஆனாலும் இந்த ஊரில் ‘சுமாத்திரா எங்கே’ என்று கேட்க ஒருவருக்கும் உரிமை இல்லை என்பேன். 2004 டிசம்பர் 26 அன்று கடல் நம் தெருவுக்குள் வந்ததே, அது கிளம்பிய இடம் சுமாத்திராவின் மேற்குக் கரையோரம். அதற்கு முன் எனக்கும் அது பள்ளிப் புத்தகத்தில் ஓர் இறப்பர்த் தீவு மட்டுமே. அன்று மாலை உயரமான இடம் தேடி ஏறி நின்ற சனத்திடையே ஒரு வானொலிப் பெட்டி ‘சுமாத்திரா, சுமாத்திரா’ என்று சொல்லிக்கொண்டே இருந்தது. பக்கத்தில் நின்ற ஒரு கிழவி, “அது யாரடி பிள்ளை?” என்று கேட்டார். யாரோ ஒரு பெண்ணின் பெயர் என்று நினைத்திருக்கிறார்.

கோணேசர் கோயில் பாறையில் நின்று கிழக்கே பார்த்தால் இடையில் நிலம் என்று ஒன்றும் இல்லை. வங்கக் கடலைக் கடந்தால் சுமாத்திராவின் வட முனை. அதைச் சுற்றி மலாக்கா நீரிணைக்குள் இறங்கினால் பெலாவான் துறைமுகம். அங்கிருந்து சற்று உள்ளே மேடான். நேர்கோட்டில் ஏறத்தாழ 2000 கிலோமீட்டர். நீரிணையின் எதிர்க்கரையில் பினாங்கு. இதைத் தாளில் கையால் வரைந்து புத்தகத்துக்குள் வைத்துக்கொண்டால் போதும்.

நம் ஊருக்கும் இந்தக் கதைக்கும் என்ன சம்பந்தம்?

நாவலின் தொடக்கத்தில் ஜப்பானியப் படை மேடானுக்குள் நுழைகிறது. வரலாற்றில் அது 1942 மார்ச் 13. அதற்குப் பின் நாலு வாரம் முடியுமுன், ஏப்ரல் 9 காலையில், ஜப்பானிய விமானங்கள் திருகோணமலைத் துறைமுகத்தின்மீதும் சீனக்குடா விமானத் தளத்தின்மீதும் குண்டு போட்டன. அன்றே ‘ஹேர்மிஸ்’ என்ற பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலை மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கடித்தன. மேடானுக்குள் போனது தரைப்படை, இங்கே வந்தது கடற்படை. ஆனாலும் அலை ஒன்றுதான்.

என் அம்மப்பா அப்போது துறைமுகத்தில் கூலி வேலை. குண்டு விழுந்த கதையை அவர் எப்போதும் சோற்றிலிருந்துதான் தொடங்குவார். அடுப்பில் அரிசி கொதித்துக்கொண்டிருந்தது. அம்மம்மா பானையை இறக்கவா விடவா என்று கேட்டார். இவர் “விடு” என்றார். தம்பலகாமம் வரை நடந்தார்கள். ஏழு நாள் கழித்துத் திரும்பியபோது பானை அப்படியே இருந்ததாம், சோறு கரியாகி. குண்டு வீசியது யார், ஏன் வீசினார்கள் என்பதெல்லாம் அவர் கதையில் வராது. சிங்காரத்தைப் படித்தபோதுதான், அந்தக் காலையின் மறுபக்கத்தில் நின்ற தமிழர்கள் என்ன பேசிக்கொண்டிருந்திருப்பார்கள் என்பது எனக்கு முதன்முறையாகக் கேட்டது.

மற்றொன்று, இது நாவலில் தேடவேண்டியது இல்லை, வரலாறு. 1944 டிசம்பர் 17 அன்று பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல்கள் திருகோணமலையிலிருந்து புறப்பட்டன. சுமாத்திராவின் பங்கலான் பிராண்டான் எண்ணெய் ஆலைதான் குறி. 20ஆம் திகதி அங்கே முகில் மூடியிருந்ததால், விமானங்கள் பெலாவான் துறைமுகத்தில் குண்டுகளைப் போட்டுவிட்டுத் திரும்பின. பெலாவான்! சிங்காரம் அந்தப் பக்கத்தில் வாழ்ந்த காலம் அது. 1942இல் இங்கே சோற்றுப் பானையை விட்டு ஓடினார்கள். 1944இல் நம் துறைமுகத்திலிருந்து போன கப்பல்களால் அங்கே எத்தனை பானைகள் அடுப்பில் கிடந்தனவோ. சீனக்குடாவின் எண்ணெய்க் குதங்களைக் கடந்து பஸ்ஸில் போகும்போதெல்லாம் இப்போது எனக்கு இந்த நினைவு வருகிறது.

அவ்வளவு பெரிய நாவல் என்கிறீர்கள். வந்த காலத்தில் ஏன் பேசப்படவில்லை?

முதலில் நாட்களைப் பாருங்கள். ‘கடலுக்கு அப்பால்’ 1950 வாக்கில் எழுதப்பட்டது. பதிப்பாளர் பலரிடம் போய்த் திரும்பி, ‘கலைமகள்’ நாவல் போட்டியில் பரிசு வாங்கிய பிறகே, 1959இல் அச்சேறியது. ‘புயலிலே ஒரு தோணி’ 1962 வாக்கில் எழுதி முடிக்கப்பட்டு 1972இல்தான் புத்தகமானது. பத்து ஆண்டு! ஒரு மனிதர் பகலில் பத்திரிகை வேலை, இரவில் விடுதி அறை என்று இருந்துகொண்டு, எழுதிய கட்டை ஒவ்வொரு கதவாகத் தட்டிக் கொடுத்து வாங்கிய பத்து ஆண்டு. அதற்குப் பிறகு அவர் நாவல் எழுதவில்லை.

நாவல் ஏன் பேசப்படவில்லை என்பதற்கு எங்கள் விறாந்தையில் மூன்று கட்சிகள் உண்டு.

முதல் கட்சி, வாசகர் பழக்கத்தைக் குறை சொல்கிறது. அன்று பெருவாரியாக வாசிக்கப்பட்டவை வாரப் பத்திரிகைத் தொடர்கதைகள். குடும்பம், காதல், பிரிவு, சேர்க்கை. சிங்காரத்தில் நாயகன் யாரோடும் சேர்வதில்லை. ஒரு அத்தியாயத்தின் முடிவில் அடுத்த வாரத்துக்கான முடிச்சும் இல்லை.

இரண்டாவது கட்சி, எள்ளல்தான் காரணம் என்கிறது. தமிழின் தொன்மையையும் வீரத்தையும் மேடைக்கு மேடை முழங்கிய பத்தாண்டுகள் அவை. அந்த நேரத்தில் கடல் கடந்த ஊரில் உட்கார்ந்து, சங்கப் பாட்டையும் சிலம்பையும் தலைகீழாகப் பாடமாக வைத்திருக்கும் ஒருவர், அந்தப் பெருமையையே கிண்டல் செய்கிறார். தமிழ் தெரியாதவர் செய்திருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். இவரை என்ன செய்வது? கவனிக்காமல் விட்டுவிடுவதுதான் எளிது.

நான் மூன்றாவது கட்சி. நாவலுக்கு உறவினர் இல்லை என்பது என் எண்ணம். ஒரு புத்தகம் வெளிவந்தால் ‘எங்கள் ஊர்க் கதை’ என்று தூக்கிக்கொண்டு ஓட நாலு பேர் வேண்டும். மதுரைக்காரர்களுக்கு இது வெளிநாட்டுக் கதை. மலேயாத் தமிழர்களுக்கு, கதையின் பெரும்பகுதி நீரிணைக்கு அந்தப் பக்கம். மேடான் தமிழர்களோ சிறு கூட்டம். ஆசிரியரும் எந்த எழுத்தாளர் கூட்டத்திலும் போய் உட்காராதவர். பின்னாளில் சிற்றிதழ்க்காரர்கள்தான் இதைக் கண்டெடுத்துப் பேசத் தொடங்கினார்கள். ஆசிரியர் மறைந்த பிறகு இரண்டு நாவல்களும் ஒரே தொகுதியாக மறுபதிப்பும் கண்டன. இன்று தமிழின் சிறந்த நாவல்கள் என்று யார் பட்டியல் போட்டாலும் இது இருக்கிறது. அதைக் கேட்க அவர் இல்லை.

இலங்கையில் அப்போது யாரும் படிக்கவில்லையா?

புத்தகம் வந்த ஆண்டை மறுபடி பாருங்கள்: 1972. இந்தியாவிலிருந்து புத்தகங்களும் இதழ்களும் இறக்குமதியாவதை நம் அரசாங்கம் கட்டுப்படுத்திய காலம். நம் எழுத்தாளர்களுக்கு அதனால் நன்மை விளைந்தது என்று சொல்வோர் உண்டு, அது உண்மையும்கூட. ஆனால் சென்னையில் பேரில்லாத ஒருவரின் தடித்த நாவல் இங்கே வந்து சேர வழியும் அடைபட்டது. அதற்குப் பின் எண்பது, தொண்ணூறுகளில் நாம் எதை வாசித்தோம் என்று கேட்பதே கொஞ்சம் கொடுமை.

நான் முதலில் பார்த்த பிரதி ஒரு நிழற்படப் பிரதி. யாரோ கொழும்பிலிருந்து கொண்டுவந்தது. பழைய நாட்காட்டி மட்டையில் கட்டியிருந்தார்கள். நாற்பது பக்கம் அளவில் இடது ஓரத்து எழுத்துக்கள் விழாமல் போயிருந்தன. ஒவ்வொரு வரியின் முதல் எழுத்தையும் ஊகித்து ஊகித்துப் படித்தேன். பிறகு நல்ல பதிப்பு கையில் கிடைத்தபோது, நான் ஊகித்தவற்றில் சில ஆசிரியர் எழுதியதைவிட நன்றாக இருந்ததாகப்பட்டது. அதை யாரிடமும் சொல்லவில்லை.

வெளிநாட்டில் நடக்கும் கதை எப்படி நம்முடைய நாவல் ஆகும்? ‘மண்வாசனை’ வேண்டாமா?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆசிரியராக இருப்பார், நானும் ஒருத்திதான். ஐம்பது, அறுபதுகளில் நம் விமர்சகர்கள் மண்வாசனைக்காகப் போராடியதில் நியாயம் இருந்தது. அதற்கு முந்தைய கதைகளில் கொழும்புக்காரன்கூட மயிலாப்பூர்த் தமிழ் பேசிக்கொண்டிருந்தான். ஆனால் அந்த வாதத்தை அளவுகோலாக எடுத்துக்கொண்டு பின்னோக்கிப் போனால் நம் ஊரே அடிபட்டுப்போகும்.

இலங்கையின் முதல் தமிழ் நாவலாகக் கொள்ளப்படும் சித்திலெவ்வையின் ‘அசன்பேயுடைய கதை’ (1885) எகிப்தில் தொடங்குகிறது. அடுத்து 1891இல் ‘ஊசோன் பாலந்தை கதை’. எழுதியவர் திருகோணமலை இன்னாசித்தம்பி. ஐரோப்பியப் பழங்கதை ஒன்றின் தமிழ் வடிவம். காட்டில் பிறந்து பிரிந்த இரட்டையரில் ஒருவனைக் கரடி தூக்கிக்கொண்டு போய் வளர்க்கிறது. அடுத்து 1895இல் ‘மோகனாங்கி’. எழுதியவர் தி. த. சரவணமுத்துப்பிள்ளை, அவரும் திருகோணமலை. தமிழின் முதல் வரலாற்று நாவல் என்று பலர் குறிப்பிடுவது அதைத்தான். களம் தஞ்சை, திருச்சி. காலம் நாயக்கர் ஆட்சி. சென்னையில் இருந்துகொண்டு எழுதினார், சென்னையில் அச்சிட்டார்.

அதாவது இந்த ஊரார் நாவல் எழுதத் தொடங்கியபோது ஒருவர் கரடி திரியும் ஐரோப்பியக் காட்டுக்குப் போனார், மற்றவர் தஞ்சை அரண்மனைக்குப் போனார். கோட்டை, துறைமுகம், சந்தை என்று தாங்கள் பார்த்து வளர்ந்ததை எழுதத் தோன்றவில்லை. கப்பல் வந்து போகும் ஊரில் பிறந்தவனுக்கு, கதை என்றால் அது வேறெங்கோ நடப்பது என்ற எண்ணம் இருந்திருக்குமோ என்னவோ. நான் அதைக் குற்றமாகப் பார்க்கவில்லை. ஆனால் ‘மோகனாங்கி’க்கும் சிங்காரத்துக்கும் ஒரு வேறுபாடு உண்டு. சரவணமுத்துப்பிள்ளை போனது இருநூறு ஆண்டுக்கு முந்தைய தஞ்சைக்கு. அங்கே யாரும் போய் வாழ முடியாது. சிங்காரம் எழுதிய மேடானில் அவர் வாடகை கொடுத்திருக்கிறார், கால்நடையாகத் திரிந்திருக்கிறார். மண்வாசனை என்பது பிறந்த மண்ணில் மட்டும் வரும் என்று யார் சொன்னது?

மலாய், டச்சுச் சொற்கள் நிறைய வருகின்றன. அகராதி வேண்டுமா?

சென்னை வாசகருக்கு வேண்டியிருக்கலாம். உங்களுக்குப் பாதிதான் வேண்டும். முதல் அத்தியாயத்தின் பெயர் ‘கெர்க் ஸ்ட்ராட்’. டச்சு மொழியில் கோயில் தெரு, அதாவது தேவாலயத் தெரு. டச்சுக்காரர் 1795 வரை நம் கோட்டையிலும் இருந்தவர்களே. அவர்கள் விட்டுப்போன ‘கந்தோர்’ நம் வாயில் இன்னும் இருக்கிறது. மேடானில் இன்றைக்கும் அலுவலகத்துக்குப் பெயர் அதே சொல்தான், உச்சரிப்பு மட்டும் சற்று வேறு. ‘துட்டு’ என்று நாம் சொல்கிற காசும் அங்கே ஏறத்தாழ அப்படியே புழங்குகிறது. மலாய்ப் பக்கம் வந்தால் நீங்கள் உடுக்கிற சாரம், இடிக்கிற சம்பல், பெருநாளைக்கு வாங்குகிற தொதல் எல்லாம் அந்தக் கரைச் சொற்கள். கூட்டத்தில் ஒருநாள் இவற்றைக் கரும்பலகையில் எழுதிப் போட்டோம். தொதல் என்று எழுதியதும் பேச்சு நாவலை விட்டுத் தொதலுக்குப் போய்விட்டது. அன்று வேறெதுவும் நடக்கவில்லை.

கடைத் தமிழ்தான் கொஞ்சம் சிரமம். வட்டிக்கடைக்குப் பொறுப்பானவர் மேலாள்; அவருக்கு அடுத்த நிலையில் இருப்பவர் அடுத்தாள்; கல்லாப்பெட்டி அருகே ஏவல் செய்யும் பொடியன் பெட்டியடிப் பையன். சீன முதலாளி தவுக்கே. தொங்கான் என்பது சரக்குப் படகு. இவ்வளவு தெரிந்தால் இறங்கலாம்.

புயல் அத்தியாயம் அவ்வளவு சிறப்பா?

இதற்கு நான் பதில் சொல்ல மாட்டேன். எங்கள் தெருமுனையில் ஒரு மீன்பிடிகாரர் இருக்கிறார், அறுபது வயது தாண்டியவர். எழுத்துக் கூட்டிப் படிப்பார், அவ்வளவுதான். அவருடைய மகள் என்னிடம் படித்தவள். அவள் ஒருநாள் இரவு அந்த அத்தியாயத்தை அவருக்கு வாசித்துக் காட்டினாள், நானும் போயிருந்தேன். அவர் வலைக்கு ஈயக்குண்டு கட்டிக்கொண்டிருந்தார். புயல் தொடங்கிய சிறிது நேரத்தில் கை நின்றது. வாக்கியங்கள் துண்டு துண்டாக, தூக்கி எறிந்து எறிந்து விழுகிற மாதிரி வரும் இடம் அது. முடிந்ததும் மகளைப் பார்த்து, “தண்ணீர் கொண்டு வா” என்றார். பிறகு என்னிடம், “டீச்சர், இவர் கரையில் நின்று எழுதவில்லை” என்றார். சற்றுப் பொறுத்து, “தொங்கான் எத்தனை அடி நீளம்? நம் வள்ளம் மாதிரி எத்தனை போடலாம்?” என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அதில் அவருக்கு ஏமாற்றம்தான்.

நாவலில் பெண்கள்?

பலவீனமான இடம். வருகிறார்கள், நாயகனை மயக்கவோ தேற்றவோ வருகிறார்கள், போய்விடுகிறார்கள். ஆண்கள் இரவிரவாகத் தத்துவம் பேசுவதைப் போல ஒரு பெண் நாலு வரி பேசுவதைக் கேட்க ஆசைப்பட்டேன். “அந்தக் காலத்து வட்டிக்கடை உலகத்தில் பெண்கள் இல்லையே, ஊரில்தானே இருந்தார்கள்” என்று ஒருவர் வாதாடினார். சரி, இல்லாதவர்களை எழுத வேண்டாம், இருந்தவர்களை எழுதியிருக்கலாமே?

போரை அவர் எந்தப் பக்கம் நின்று எழுதுகிறார்?

எந்தப் பக்கமும் நிற்பதாக எனக்குத் தெரியவில்லை. இந்திய தேசிய ராணுவத்தில் சேர்கிறான் பாண்டியன்; ஆனால் கொடியும் முழக்கமும் அவனை முழுவதாகப் பிடித்துக்கொள்வதில்லை. நம் ஊரில் இதைப் படிக்கும்போது சிலர் மௌனமாகிவிடுகிறார்கள். நானும் அந்தப் பகுதியைக் கூட்டத்தில் உரக்க வாசிப்பதில்லை.

ஏ.எல். (உயர்தரம்) படிக்கும் பிள்ளைகளுக்குக் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். குடி இருக்கிறது, விலைமாதர் தெரு இருக்கிறது, கொலை இருக்கிறது. அவர்கள் கைப்பேசியில் பார்ப்பதைவிடக் குறைவு.

எங்கே பலர் நிறுத்திவிடுகிறார்கள்?

நினைவுகள் மதுரைக்குத் தாவி, தெருப் பெயர்களும் கடைகளும் ஆட்களுமாய் அடுக்கிக்கொண்டு போகும் பக்கங்களில். அவற்றைக் கதை என்று படிக்காதீர்கள். கடல் கடந்து போன உறவினர் ஒருவர் தொலைபேசியில் ‘அந்தச் சந்தியில் சைக்கிள் கடை இன்னும் இருக்கிறதா, பக்கத்து வேப்பமரம் நிற்கிறதா’ என்று மணிக்கணக்காகக் கேட்டதுண்டா? அந்தக் குரலில் படியுங்கள். கனடாவில் இருக்கும் என் தம்பி அப்படித்தான். வேப்பமரத்தைத் தறித்து ஏழு வருடமாகிறது. நிற்கிறது என்றே சொல்லி வருகிறேன்.

பிரதி கிடைக்குமா?

எங்களிடம் மூன்று இருந்தன. ஒன்று விறாந்தையில் இருக்கிறது; அட்டை கழன்றது, வந்து எடுக்கலாம். ஒன்று பேராதனைக்குப் படிக்கப் போன பிள்ளையோடு போய்விட்டது. மூன்றாவது மீன்பிடிகாரர் வீட்டில். கடந்த மாதம் கேட்டேன். மகன் வள்ளத்தில் எடுத்துப் போயிருக்கிறானாம். பொலித்தீன் பையில் சுற்றித்தான் கொடுத்தேன் என்றார்.